அண்ணனுக்குக் கிடைத்த ஒரே படம்

என் அண்ணனை அவனுடைய ராக் குழுவில் ‘இடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கிதாரை மாட்டிக்கொண்டு, ஆளுயர ஸ்பீக்கருக்கும் ட்ரம்ஸுக்கும் நடுவில் போய் நிற்பான். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால், அது மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிடுவது மாதிரி என்பான். வாய்க்கு மட்டும் குறைச்சல் கிடையாது.

கல்யாணம், வேலை என்று குழுவில் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, இவன் டிவி சீரியலுக்குப் பின்னணி இசை போடப் போனான். மாமியார் முறைத்தால் ஒரு இசை, மருமகள் அழுதால் ஒரு இசை. பல வருஷம் அதிலேயே மாரடித்தான். ஒலிக்கலவை செய்கிறவர்கள் தன் இசையை அமுக்கிவிடுகிறார்கள் என்று ஓயாமல் புலம்புவான். நானும் சேர்ந்துகொண்டு அவர்களைத் திட்டித் தீர்ப்பேன்.

அப்புறம் ஒரு சினிமா கிடைத்தது. இதில் தேறினால் பிழைத்தேன், இல்லாவிட்டால் சாகும்வரை மாமியார் முறைப்புதான் என்றான். வழக்கமாக ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்து கொடுப்பார்கள். கலவை செய்கிறவர் கூட்டிக் குறைத்துக்கொள்வார். இந்தத் தடவை எவனும் கை வைக்கக் கூடாது என்று, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஒலியாக்கிக் கொடுத்தான். வெளியீட்டு அவசரத்தில் இயக்குநரும் கேட்டுப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

படக்குழுவுக்குப் போட்டுக் காட்டிய அன்று என்னையும் கூட்டிப் போனான். குழந்தையைப் பறிகொடுத்த அப்பன் வீடு திரும்பும் இடம். புல்லாங்குழல் உச்சத்துக்கு ஏறியது. ஊசியால் காதைக் குத்தியது போல இருந்தது. இயக்குநர் காதைப் பொத்திக்கொண்டார். முன்வரிசையில் யாரோ நிறுத்தச் சொன்னார்கள். அண்ணன் மட்டும் கண்ணை மூடிச் சொக்கிப் போய் உட்கார்ந்திருந்தான்.

ஒலிக்கலவைக்காரர் எங்களைத் தனியே அழைத்தார். உச்ச ஸ்வரங்கள் அண்ணன் காதில் விழுவதில்லை, அதனால்தான் தனக்கு எட்டும்வரை ஏற்றி வைத்திருக்கிறான் என்றார். சீரியல்காரர்கள் இத்தனை நாள் அதை இறக்கித்தான் அவனைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இங்கே எல்லாம் ஒன்றாக ஒட்டிக் கிடப்பதால், குழலை மட்டும் குறைக்க வழியில்லை. வேறு ஆளை வைத்து இசை போட்டுக்கொள்வதாக இயக்குநர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து, வலது கோடியை நோக்கி ஒவ்வொரு கட்டையாக அழுத்தினான்.

“இது கேக்குதா?”

“கேக்குதுண்ணா.”

நாலைந்து கட்டை தாண்டியதும் அவன் முகம் மாறிவிட்டது. திரும்பத் திரும்ப ஒரே கட்டையை அழுத்தினான். எனக்கு அது நன்றாகவே கேட்டது. பாழாய்ப்போன மனசு தாங்கவில்லை.

“எனக்கும் கேக்கலண்ணா.”

அவன் ஸ்பீக்கரைப் பார்த்தான். சத்தம் வந்தால் துள்ளும் சிவப்பு விளக்கு அதில் துள்ளிக்கொண்டிருந்தது.

“சரி விடு,” என்றான். “சீரியல்காரங்க கூப்பிட்டா, அண்ணன் ஊர்ல இல்லன்னு சொல்லிடு.”