பூனை ஆசனம்

எழுபதுகளில் நான் தர்மபுரிக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடையே ஒரு தனியார் பஸ் ஓட்டினேன். முதுகு பலகை மாதிரி இறுகிப் போயிருந்தது. என் கண்டக்டருக்கு யோகா தெரியும். மத்தியானம் ஒகேனக்கல்லில் வண்டி நிற்கும் நேரத்தில், ஆற்றோரப் பாறையில் துண்டை விரித்து எனக்குப் பூனை ஆசனம் சொல்லிக் கொடுத்தான்.

"கையும் முட்டியும் ஊனிக்கிட்டு, மூச்ச விட்டபடியே முதுக மேல தூக்குங்கண்ணா. எங்க புடிக்குதுன்னு கவனிச்சு, வாயத் தொறந்து சொல்லுங்க."

சொன்னேன். "இடுப்புல புடிக்குதுப்பா. மலை எறங்கையில கிளட்ச் மிதிக்கிற காலு மரத்துப்போவுது." மனைவியிடம்கூட நான் சொல்லாத விஷயம் அது.

இரண்டு மாதத்தில் முதுகு வளைந்து கொடுத்தது. கால் மரப்பதும் நின்றது. அதையும் அவனிடம்தான் முதலில் சொன்னேன்.

அந்த வாரமே முதலாளி கூப்பிட்டார். "மலை எறங்கையில கிளட்ச் மிதிக்கிற காலு மரத்துப்போவுதாமே? வூட்டுல இருந்து ஒடம்பப் பாருப்பா."

என் வார்த்தைகள், ஒன்றுகூட மாறாமல்.

மறுநாள் என் சீட்டில் கண்டக்டரின் மச்சான் உட்கார்ந்திருந்தான். கண்டக்டர் என்னைப் பார்க்காமல் விசில் ஊதினான்.

மரத்த காலோடு ஜனங்களை ஏற்றிக்கொண்டு மலை இறங்கியது என் தப்புதான். அன்றைக்கே அவன் முதலாளியிடம் சொல்லியிருந்தால் அவனைக் கும்பிட்டிருப்பேன். கால் சரியான பிறகல்லவா சொன்னான்!

இன்றும் காலையில் பூனை ஆசனம் செய்கிறேன். எங்கே பிடிக்கிறது என்று நன்றாகத் தெரிகிறது. வாயை மட்டும் திறப்பதில்லை.