தெய்வானை அக்கா சீர்செய்த தூண்டில் வளையங்கள்

கடந்த சனிக்கிழமை காலை, விருந்தினர் பதிவேட்டைத் திறந்துகொண்டிருந்தபோது வெலிமடையிலிருந்து தொலைபேசி வந்தது. தெய்வானை அக்காவின் மகள். "மாமா, அம்மா போயிட்டாங்க. தேத்தண்ணி குடிச்சிட்டு நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." அக்கா மகள் வீட்டுக்கு இரண்டு நாள் லீவில் போயிருந்தார். திங்கட்கிழமை வேலைக்கு வருவதாக என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, பழைய வெள்ளைக்காரத் துரை பங்களா ஒன்றை உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே நான் எழுதுவினைஞன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். அக்கா அறைகளுக்குப் பொறுப்பாளர். அதற்கு முன் இருபது வருடங்களுக்கு மேல் தோட்ட ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கழுவி, அவித்து, அடுக்கிவைக்கும் வேலை பார்த்தவர். சிறிய பொருளைக் கையில் எடுத்தால் அவருடைய விரல்கள் தனியாக யோசிக்கும்.

விடுதி திறந்த புதிதில் ஸ்டோர் அறையிலிருந்து பதினொரு பழைய தூண்டில் கம்புகள் கிடைத்தன. மூங்கிலை நீளமாகச் சீவி ஒட்டிச் செய்தவை. தூண்டில் நூல் ஓடுவதற்காகக் கம்பு நெடுகிலும் சின்னச் சின்ன வளையங்கள் பட்டுநூலால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் துரு, பச்சைக் களிம்பு. மனேஜர் அவற்றை வரவேற்பறைச் சுவரில் மாட்டச் சொன்னார். அக்கா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "செவுத்துல மாட்டவா இத செஞ்சாங்க? மீன் புடிக்கத்தானே?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு அதுதான் வேலை. இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீர், பழைய பல்துலக்கி, களிம்புக்கு ஒரு சொட்டு வினாகிரி, உடனே துடைப்பு. இற்றுப்போன நூலைப் பிரித்துப் புதுநூல் சுற்றி, மேலே வார்னிஷ் பூசுவார். உப்புத்தாள் கொண்டு தேய்க்க ஒருவரையும் விடமாட்டார். பதுளையிலிருந்து வந்த ஒரு டொக்டர் தான் கொண்டுவந்த கம்பின் வளையங்கள் தங்கம்போல் மின்ன வேண்டுமென்று கேட்டார். "மின்னுறதுக்கு வளையல் வாங்கிப் போடுங்க, டொக்டரய்யா. இதுல நூலு வழுக்கிட்டுப் போகணும், அவ்வளவுதான்" என்றார் அக்கா. டொக்டர் சிரித்துக்கொண்டே கம்பைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது நான் சொல்லப்போவதை அக்கா இருந்திருந்தால் எழுத விட்டிருக்கமாட்டார்.

தோட்டத்துக் குளத்தில் விருந்தினரை மீன்பிடிக்க அழைத்துப் போவது சிவா என்பவரின் வேலை. ஒருநாள் வயதான வெளிநாட்டவர் ஒருவருக்கு அக்கா சீர்செய்த கம்பொன்றைக் கொடுத்திருந்தார். பெரிய கெண்டை மாட்டியது. ஐந்து நிமிட இழுபறிக்குப் பிறகு நூல் அறுந்தது. மீனோடு சேர்ந்து போனது அந்த மனிதரின் தகப்பனார் கொடுத்த செப்புத் தூண்டில் முள். அவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

அவர்கள் வரவேற்பறைக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் மனேஜருக்குக் கோபம் தலைக்கேறியது. "பழைய நூலைப் போட்டிருக்கிறாய். நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று எல்லோர் முன்னிலையிலும் சிவாவிடம் சொன்னார். "புது நூலுங்க சேர், நேத்துதான் மாத்துனேன்" என்று சிவா திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்பாரில்லை. சிவாவின் மனைவி அப்போது ஏழு மாதம்.

படுக்கை விரிப்புகளோடு படியிறங்கி வந்த அக்கா நின்றார். விரிப்புகளை என் மேசையில் வைத்துவிட்டு, அந்தக் கம்பை வாங்கினார். அடியிலிருந்த முதல் வளையத்தின் உள்ளே நூல் வழுக்கி ஓடுவதற்காக மெல்லிய கல்வட்டம் ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சு எடுத்து, திரிபோல முறுக்கி, அந்த வளையத்துக்குள் விட்டு மெதுவாக இழுத்தார். பஞ்சு ஓரிடத்தில் சிக்கியது. மீண்டும் இழுத்தார். அதே இடம். கல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்.

"சேர், குத்தம் சிவா மேல இல்லீங்க. இந்தக் கல்லு வெடிச்சிருக்கு. நூல இதுதான் அறுத்திருக்கு. இத கழுவிக் கட்டுனது நான். கண்ணால மட்டும் பாத்துட்டு சரின்னு குடுத்துட்டேன். அனுப்புறதுன்னா என்னய அனுப்புங்க."

ஒரு நோயாளியின் காய்ச்சல் எவ்வளவு என்று சொல்வதுபோல் சொன்னார். சிவாவுக்காக ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வந்திருக்கவில்லை. நூல் புதிது என்பது எனக்குத் தெரியும்; முந்தின நாள் அதை எடுத்துக் கொடுத்தவனே நான்தான். இதை இன்றைக்குத்தான் வெளியே சொல்கிறேன்.

அந்த விருந்தினர் எழுந்து வந்து பஞ்சைத் தானே இழுத்துப் பார்த்தார். பிறகு சிவாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். கல்லை ஒட்ட முடியுமா என்று என் மூலம் அக்காவிடம் விசாரித்தார். "ஒட்டுனா மறுபடி அறுக்கும். வேற கம்புலருந்து கழட்டி மாத்துறேன்னு சொல்லுங்க, கிளாக்கரய்யா" என்றார் அக்கா. இரண்டாம் நாள் மாற்றிக் கொடுத்தார். செப்புத் தூண்டில் முள் கிடைக்கவேயில்லை. ஆனால் அடுத்த வருடம் அவர் திரும்பி வந்தபோது, தகப்பனாரின் கம்பையே சீர்செய்ய அக்காவிடம் ஒப்படைத்தார்.

சிவாவின் வேலை நிலைத்தது. அக்காவை மட்டும் மூன்று வாரம் கம்புகளைத் தொடவேண்டாம் என்றார் மனேஜர். அக்கா முகம் சுளிக்காமல் அறைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு மனேஜரே தேடி வந்து மறுபடி செய்யச் சொன்னார். "செய்றேங்க சேர். ஆனா நான் வேணாம்னு ஒதுக்கிற கம்ப யாரும் எடுத்துக் குடுக்கக்கூடாது. நீங்களும்தான்." மனேஜர் தலையாட்டினார். பதினொன்றையும் அக்கா முதலிலிருந்து சோதித்தார். மூன்றை ஒதுக்கினார். மிச்சம் எட்டிலும் இன்றுவரை ஒரு நூல் அறுந்ததில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தன் வேலையில் நம்பிக்கையுள்ளவர்கள் தவறை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அக்காவோடு வேலைசெய்த பிறகு அப்படி நினைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அக்காவைத் தோட்டத்து மயானத்துக்குக் கொண்டுபோனோம். தூறல் விடவில்லை. சரிவுப் பாதை சேறாகிக் கிடந்தது. பாடையின் முன்பக்கம் சிவா. பாதிவழியில் நான் தோள்மாற்றப் போனேன். "வேணாங்கய்யா, நானே தூக்கிட்டு வாறேன்" என்றார். அன்று வயிற்றில் இருந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சிவாவின் மனைவி தொழிலாளர் லயத்து வாசலில் நின்றார். பிள்ளை எங்கள் எல்லோருக்கும் கை காட்டிக்கொண்டிருந்தது.

மண் ஈரமாக இருக்கிறது, அக்கா. பார்த்துப் போங்கள்.