நெருப்பு எடுத்து வந்த பிள்ளை

மலாயாவில் செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் டிரசர், மருந்து கொடுப்பவன். பிள்ளைகளுக்குப் புகையிலை விற்காதீர்கள் என்று இன்று காலை கடைக்காரரிடம் சொல்லப் போனேன்.

“நான் விக்கறதே இல்லலா. லயத்துல போயி கேளுங்க” என்றார்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் போனேன். பால் வெட்டிவிட்டு வந்த முனியன் வாசலில் உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் கொதித்துவிட்டான்.

“சின்னப் புள்ளைங்க வாயில சுருட்டா? தோல உரிச்சிருவேன், ஐயா.”

அதற்குள் அவன் மகள் அஞ்சலை கடைசி வீட்டு அடுப்பிலிருந்து திரும்பி வந்தாள். எட்டு வயதிருக்கும். ஜப்பான்காரன் வந்த பிறகு தீப்பெட்டி ஏது? அப்பனுடைய சுருட்டை அங்கே பற்றவைத்து, வழியில் அணைந்துவிடாமல் இழுத்துக்கொண்டே வந்தாள்.

அவள் இருமவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முனியன் கைநீட்டி வாங்கி ஓர் இழுப்பு இழுத்தான். “இவ அதெல்லாம் தொடமாட்டா, ஐயா. நெருப்புக்குத்தான் அனுப்புறேன்.”

“ஏம்மா, நெஞ்சு எரியலையா?” என்று அவளைக் கேட்டேன்.

“மொதல்ல எரிஞ்சிச்சு. இப்ப இழுத்தா பசி தெரியல, ஐயா.”

கடைக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. மற்ற தோட்டத்துக்காரர்களே, உங்கள் தோட்டத்தில் சுருட்டு பற்றவைக்க அடுப்புக்கு யாரை அனுப்புகிறீர்கள், சொல்லுங்கள்.