பியானோவுக்குள் போட்ட கம்பளி

பதுளையில் நான் குடியிருக்கும் வீட்டு அலமாரியின் மேல் தட்டில் ஒரு கறுப்புக் கம்பளி இருக்கிறது. மழைக்காலத்தில் கொழுந்து எடுக்கும் பெண்கள் தலையிலிருந்து முதுகு வரை போட்டுக்கொள்ளும் முரட்டுக் கம்பளி. அம்மாவுடையது. அதன் நடுவில் குறுக்காக, ஒரே வரிசையில், நூல் தேய்ந்த புள்ளிகள் தெரியும். பூச்சி அரித்ததென்று என் மனைவி ஒருமுறை அதை வெளியே போடப் பார்த்தாள். பூச்சி இல்லை. பியானோவின் சுத்தியல்கள் வருடக்கணக்கில் அடித்த இடங்கள் அவை.

எந்தச் சம்பவத்துக்கும் ஆண்டும் மாதமும் தேடுகிறவன் நான். பழைய நாட்காட்டிகளைக்கூட எறிய மனம் வராது. என் தங்கையின் இசை வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள், கொழும்பில் அவள் முதல் பரிசு வாங்கிய நாளிலிருந்து தொடங்குகிறார்கள். என் கணக்கில் அது பியானோப் பெட்டி வீட்டுக்கு வந்த நாளில் தொடங்குகிறது. நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் மூன்றாம் வகுப்பு. எல்ல ஊர்ப் பக்கம் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மேலாளர் துரையின் பங்களாவை உல்லாசப் பயணிகளுக்கான ஹோட்டலாக மாற்றிய வருடம் அது. உள்ளே கிடந்த பழைய பியானோவை விறகுக்கென்று வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். அப்பா அதைக் கேட்டு வாங்கினார்.

அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கொழுந்தை அரைக்கும் ரோலர் இயந்திரம் அவர் பொறுப்பு. இயந்திரப் பாகங்களை மேடேற்றிப் பழகிய கூட்டாளிகள், மூங்கில் கட்டி பியானோவைத் தூக்கிவந்து தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசல் தாழ்வாரத்தில் இறக்கினார்கள். அப்பா அதைச் சுற்றித் தகரம் அடித்தார். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏண்ணே, மனுசர் காலு நீட்டவே எடமில்ல. இந்த மகாராணிய எங்க படுக்க வைக்கப்போறீங்க?" என்றாள்.

"அது நின்னுக்கிட்டே தூங்கும்" என்றார் அப்பா.

ஆனால் தூக்கம்தான் எங்கள் வீட்டில் பெரிய விஷயம். கொழுந்து இரவெல்லாம் வாடி, விடிவதற்குள் அரைபட வேண்டும். அதனால் அப்பாவுக்கு இரவில் வேலை, பகலில் தூக்கம். இரவு வேலைக்காரர் தூங்கும் வாசலைக் கடக்கும்போது லயத்தில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். உரலில் இடிக்க மாட்டார்கள். சண்டை வந்தால்கூட அடுத்த லயத்துப் பக்கம் போய்த்தான் போடுவார்கள். அந்த ஒழுங்கை யாரும் சொல்லிக்கொடுத்து நாங்கள் கற்கவில்லை; நடக்கக் கற்றதுபோல் அதுவும் வந்தது. இப்போது அப்பாவின் கட்டிலுக்கும் பியானோவுக்கும் நடுவில் ஒரு சுவர் மட்டுமே.

அம்மா பியானோவின் மேல்மூடியைத் திறந்து, தன் கம்பளியை மடித்து, கம்பிகளுக்கும் சுத்தியல்களுக்கும் நடுவில் தொங்கவிட்டாள். "இனி வாசி" என்றாள். ஈரத்துணிக்குள் கட்டிய மணியை யாரோ அசைப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. "காய்ச்சக்காரப் பிள்ளைக்குப் போத்தின மாதிரி இருக்கே அண்ணி!" என்று அத்தை சிரித்தாள். அவளும் சத்தமில்லாமல்தான் சிரித்தாள்.

தங்கை அப்படித்தான் வளர்ந்தாள். சனிக்கிழமைகளில் பண்டாரவளைக்குப் போய், பாடசாலையில் சங்கீதம் சொல்லித்தரும் சிஸ்டரிடம் பாடம் கேட்பாள். மற்ற நாட்களில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்காருவாள். அப்பா வேலைக்கு எழும்பும்வரை வாசிப்பாள். சில நாள் அவள் நடுவில் நிறுத்தும்போது உள்ளே கட்டில் கிறீச்சிடும். எழுப்பிவிட்டோமே என்று பயந்து, மறுபடி தொடும்போது இன்னும் மெதுவாகத் தொடுவாள். அந்தப் பயத்தை நான் பல நாள் அவள் தோள்களில் பார்த்திருக்கிறேன். விரலைக் கட்டையில் வைக்கும் முன் தோள் இரண்டும் மேலே ஏறும். பிறகு, மூச்சோடு சேர்ந்து இறங்கும்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், அந்தப் பங்களா ஹோட்டலிலேயே மாலை வேளைகளில் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு வாசித்தாள். அங்கே கேட்ட ஒருவர் கொழும்புக்கு வரச் சொன்னார். போட்டி, பரிசு, பத்திரிகை எல்லாம் அடுத்தடுத்து வந்தன. எல்லாரும் எழுதியது அவள் விரலின் மென்மையைப் பற்றித்தான். எந்தப் பாணி, யாரிடமிருந்து வந்தது என்று கேட்டவர்களிடம், "வீட்டுல அப்பா தூங்குவாரு" என்பாள். நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்கள்.

மேற்படிப்புக்கு வெளிநாடு போகும் முன், பதுளையில் ஒரு கச்சேரி வைக்க வேண்டுமென்று தங்கை ஆசைப்பட்டாள். இரவைப் பற்றிப் பல நாட்டவர் எழுதிய பியானோ இசை மட்டும், அந்தி தொடங்கி விடியும் முன்வரை என்ற வரிசையில். அடுப்படியில் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அண்ணே, அப்பா நான் வாசிச்சு ஒரு நாள்கூட முழிச்சிருந்து கேட்டதில்ல. போறதுக்கு முன்ன ஒரு தடவ கேக்கணும். அதுக்குத்தான் இதெல்லாம்."

"பக்கத்துலயே உக்காந்து கிள்ளிக்கிட்டே இருக்கேன்" என்றேன்.

அப்பா இரவு வேலைக்குத் திரும்ப வேண்டும். தோட்டத்துக்குக் கடைசி பஸ்ஸும் பொழுதோடு போய்விடும். எனவே அந்த இரவுக் கச்சேரி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. பள்ளிக்கூட மண்டபத்தின் ஜன்னல்களில் வெயில் கொட்டியது. வேலையின்போது இடுப்பில் கட்டும் படங்குகளைத் தோட்டத்துப் பெண்கள் கொண்டுவந்து ஜன்னல்களில் மாட்டினார்கள். மண்டபம் இருண்டது, தேயிலைக் கொழுந்தின் கறை வாசம் நிறைந்தது. கொழுந்து மிகுந்த காலமாதலால் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. இரவு முழுக்க ரோலரில் நின்று, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

இரண்டாவது இசை முடியும் முன் அவர் தலை சாய்ந்தது. நான் கையை நீட்டினேன். பின்னால் இருந்த அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "விடுடா. ராவெல்லாம் நின்ன மனுசன்." மேடையைப் பார்த்தேன். தங்கையும் பார்த்திருந்தாள். தோள்கள் மேலே ஏறின, இறங்கின. அதன்பிறகு அவள் வாசித்ததுபோல் நான் இன்றுவரை எங்கும் கேட்டதில்லை. கம்பளி இல்லாத நல்ல பியானோவில், கம்பளி போட்ட மாதிரி வாசித்தாள்.

கடைசி இசை முடிந்து எழுந்து நின்றாள். நகரத்துக் கனவான்கள் தட்டுவதற்குக் கையைத் தூக்கினார்கள். அத்தை சட்டென்று திரும்பினாள். "உஸ்! மனுசன் தூங்குறாரு தெரியல?" லயத்து ஜனங்கள் இருந்த வரிசைகளில் ஒரு கைகூட மடியைவிட்டு எழவில்லை. யாரும் சொல்லி வைக்கவில்லை. பகலில் தூங்கும் ஒருவரின் அருகே கை தட்ட அவர்களுக்குத் தெரியாது. நகரத்துக்காரர்கள் புரியாமல் பார்த்தார்கள். தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மண்டபம் முழுக்க மௌனம். தனியாக நின்ற தங்கையின் முகம் மெல்ல வெளிறியது.

அந்த மௌனத்தில் அப்பா கண் விழித்தார். மேடையை நிமிர்ந்து பார்த்து, வீட்டில் கேட்பதுபோல், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "ஏம்மா நிப்பாட்டிட்ட?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்து, முதலில் வாசித்த அந்தி இசையை வாசித்தாள். பாதியில் அப்பா மீண்டும் தூங்கினார். திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள்: "ஒண்ணாவது கேட்டீங்களாப்பா?"

"என்னா புள்ள கேக்குற? ஸ்டோருல ரோலர் ஓடுறவரைக்கும் நான் காதக் குடுக்கமாட்டேன். நின்னா ஓடிப் போவேன். உன் பெட்டியும் அப்படித்தான். நீ வாசிச்சா தூங்குவேன், நிப்பாட்டினா முழிப்பு வந்துரும். எத்தன நாளு நீ நிப்பாட்டி முழிச்சுக் கெடந்திருக்கேன், தெரியுமா?"

கட்டில் கிறீச்சிட்டது எதனால் என்று அன்றுதான் தெரிந்தது. தங்கை பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறு மாதம் வெளிநாடு போனாள்.

பிறகு மண்சரிவு அபாயமென்று எங்கள் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். பியானோவைத் தூக்கி வந்த கூட்டாளிகள் அப்போது உயிரோடு இல்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு, கம்பளியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அம்மாவும் இறந்துபோனாள். ஓய்வுபெற்ற அப்பா என்னோடு இருக்கிறார். இரவிலும் தூக்கமில்லை, பகலிலும் இல்லை. தங்கை வருவதாகச் சொல்லும் ஒவ்வொரு டிசம்பரிலும் ஏதாவது ஒரு கச்சேரி வந்துவிடுகிறது.

போன வாரம் ஒரு பதிவு அனுப்பியிருந்தாள். பெரிய அரங்கம், அதே இரவு வரிசை. மத்தியானம் போனில் போட்டேன். அப்பா கூரையைப் பார்த்தபடி கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. யாரோ வாசிக்கிறாங்க" என்றார். அலமாரியைத் திறந்து கம்பளியை எடுத்தேன். போனை அதற்குள் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றி, சுவரோரம் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் மூச்சு சீரானது. நான் நாற்காலியிலிருந்து அசையவில்லை. கடைசி இசை முடிந்தது. அந்த ஊர் ஜனங்கள் எழுந்து தட்டினார்கள் போலும். கம்பளிக்குள் அது லயத்துத் தகரத்தில் தூரத்து மழை விழுவதுபோல் கேட்டது. அதற்கும் அவர் விழிக்கவில்லை. பிறகு அதுவும் நின்றது.

அப்பா கண்ணைத் திறந்தார். சுவர்ப் பக்கம் திரும்பி, "ஏம்மா நிப்பாட்டிட்ட?" என்றார்.

நான் கம்பளியைப் பிரித்து, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, மூடினேன்.