பெயர் ஒட்டாத குப்பிகள்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், படிக்கட்டை ஒட்டி இரத்தப் பரிசோதனைக்கூடம். கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். பக்கத்தில் இரண்டு சாண் அகல ஜன்னல். இரத்தம் நிரப்பிய குழாய்கள் அதன் வழியே உள்ளே போகும், முடிவுத் தாள்கள் வெளியே வரும். உள்ளே பத்தொன்பது வருடமாக ஒரே ஆள். முகத்துக்கு நேரே லேப் அக்கா, முதுகுக்குப் பின்னால் ஜன்னல் அக்கா.

அது அவளுக்குத் தெரியும். கோபமில்லை. அம்மா போன பிறகு வீட்டிலும் அவள் அப்படித்தான். "எங்ககூட வந்து இரேன்க்கா" என்று தம்பி இரண்டு முறை கூப்பிட்டான். மூன்றாவது முறை கூப்பிடவில்லை. மாடி அறை, ஒரு தட்டு, ஒரு தம்ளர் என்று நாள் ஓடியது.

மேசையில் இரண்டு பிளாஸ்டிக் குப்பிகள் இருந்தன. வலப்பக்கம் உப்புக்கரைசல், இடப்பக்கம் காய்ச்சி வடித்த தண்ணீர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் பெயர் ஒட்டுவதில்லை. வேறு யார் கை அங்கே படப்போகிறது?

அன்று காலை, வழக்கமான ஆயாவுக்குப் பதிலாக வந்தவள் மேசையைப் பளிச்சென்று துடைத்து, குப்பிகளை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

பதினொரு மணிக்குக் குழந்தைகள் வார்டு நர்ஸ் ஜன்னலில் ஒரு சின்னக் குழாயை நீட்டினாள்.

"மூணு நாள் குழந்தைக்கா. மஞ்சக்காமாலை ஏறிக்கிட்டே போகுது. ரத்தத்தை மாத்தணுமான்னு டாக்டர் இதுக்குத்தான் காத்திருக்காரு. நரம்பே கிடைக்கல. குழந்தையையும் அழவச்சு, பெத்தவளையும் அழவச்சு எடுத்தது. போன மாசம் மாதிரி ஓலை எழுதித் திருப்பி அனுப்பிடாதீங்க."

போன மாதம் இரண்டு குழாய்களை, 'எடுத்த முறை சரியில்லை' என்று எழுதி அவள் திருப்பி அனுப்பியிருந்தாள். குழாயை வாங்கிக்கொண்டாள்.

தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் அணுக்களை உப்புக்கரைசலில் மூன்று முறை கழுவ வேண்டும். மற்ற சோதனைகளுக்குப் போக மிஞ்சியதே கொஞ்சம். அத்தனையையும் எடுத்துக்கொண்டு, பழகிய கையால் வலப்பக்கக் குப்பியைப் பிழிந்தாள்.

கலங்கலாக இருக்க வேண்டிய குழாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளிந்தது. அதைப் பதிவேட்டின் மேல் பிடித்தாள். சிவப்புக்குப் பின்னால் எழுத்துகள் தெரிந்தன. அணுக்கள் வெடித்திருந்தன. வலப்பக்கம் இருந்தது வெறும் தண்ணீர்.

சிவப்பணுவைச் சுற்றியிருப்பது சுவர் அல்ல. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நின்று ஆக்கிய மெல்லிய படலம். தண்ணீரோடு ஒட்டும் தலைகள் இரு புறமும், தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் வால்கள் நடுவிலும் இருக்கும். எண்ணெயைப் போல நெகிழும் அதில் புரதங்கள் வாசல்களாகப் பதிந்திருக்கும். சர்க்கரைக்கு ஒரு வாசல். உள்ளே வந்த உப்பை வெளியே தள்ள இன்னொன்று, அதற்கு ஓய்வே கிடையாது. தண்ணீரைத் தடுப்பதுதான் கடினம். கரைந்த பொருள்கள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் அது புகுந்துகொண்டே இருக்கும், படலம் உப்பிக் கிழியும்வரை. உள்ளே, வெளியே என்ற பேதத்தையே இந்தப் படலம்தான் உண்டாக்குகிறது. முழுக்கத் திறந்தாலும் அணு சாகும், முழுக்க மூடினாலும் சாகும். பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் அவள்.

திருப்பி அனுப்பும் படிவத்தை எடுத்தாள். 'மாதிரி வரும்போதே சிதைந்திருந்தது.' மூன்று வார்த்தைகள் போதும். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், பழி நர்ஸின் தலையில் விழும். 'மாதிரி' என்று எழுதியபின் பேனா நகரவில்லை. படிவத்தைக் கிழித்துப்போட்டுக் கதவைத் திறந்தாள்.

குழந்தைகள் வார்டு இருந்த இரண்டாம் மாடிக்கு அவள் ஏறிப் பல வருடம் ஆகியிருந்தது.

"என்னக்கா, அந்த ஜன்னல் வழியா எப்படி வெளிய வந்தீங்க?" என்றாள் நர்ஸ்.

"அந்த ரத்தம் போச்சு சிஸ்டர்."

நர்ஸின் முகம் இறுகியது. "நான் எடுத்தது சரியில்ல. அதானே?"

"நீங்க சரியாத்தான் எடுத்தீங்க. உப்புத்தண்ணின்னு நெனச்சு நான்தான் வெறும் தண்ணிய ஊத்திட்டேன்."

"குப்பில பேர் ஒட்டலையா?"

"இல்ல. வேற யாரு அங்க வரப்போறாங்கன்னு விட்டுட்டேன்."

நர்ஸ் அவளை ஒரு கணம் பார்த்தாள். ஊசியை எடுத்தாள்.

கட்டிலில் இருந்த தாய், "மறுபடியுமா?" என்றாள்.

"என் தப்பும்மா. இன்னொரு தடவை குத்தணும்."

தாய் திட்டவில்லை. குழந்தையை முன்னால் நகர்த்திவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"சும்மா நிக்காதீங்க, காலைப் பிடிங்க," என்றாள் நர்ஸ். "இன்னும் கெட்டியா. கழண்டு வந்துடாதுக்கா."

அவள் பிடித்தாள். கட்டைவிரல் நீளப் பாதம், சுடச்சுட இருந்தது. பத்தொன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் பேரின் இரத்தத்தைப் பார்த்திருப்பாள். அதில் ஒருவரைக்கூடத் தொட்டதில்லை.

கீழே வந்து, புதிதாகப் பிரித்த உப்புக்கரைசலில் கழுவினாள். குழாய் கலங்கலாகவே இருந்தது. சோதனையில் அணுக்கள் திட்டுத்திட்டாகத் திரண்டன. எதிர்ப்பொருள் ஒட்டியிருந்தது. தொலைபேசியில் முடிவைச் சொன்னாள். "ரத்தத்தை மாத்திடலாம். ஏற்பாடு பண்றேன்," என்று டாக்டர் வைத்துவிட்டார். முடிவு அரைமணி நேரம் பிந்தியிருந்தது.

பிறகு இரண்டு காகிதத் துண்டுகளில் பெயர் எழுதிக் குப்பிகளில் ஒட்டினாள், எழுத்துகள் கதவைப் பார்த்திருக்கும்படி. அன்று வேலை முடியும்வரை உள்ளே யாரும் வரவில்லை. தன் பக்கத்திலிருந்து படிக்க, ஒவ்வொரு முறையும் அவள் குப்பியைத் திருப்ப வேண்டியிருந்தது.