துரைசானி சொன்ன குளிர்

தோட்டத்துக்கு முதல் மோட்டார் கார் வந்த வருஷம் எனக்கு இருபது இங்கிலீஷ் வார்த்தைகள் தெரியும். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மகளோடு விளையாடப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தவை. சிலிம் ரிவர் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அவ்வளவு தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அம்மா அப்போது துரை பங்களாவில் ஆயா. தம்பி பிறந்ததிலிருந்து அவளுக்கு இடுப்பு வலி; மேட்டுக்காட்டில் ஏறி இறங்கிப் பாலுக்கு மரம் வெட்ட முடியாது. இந்த வேலை போனால் வேறு வழியில்லை. துரைசானியின் கைக்குழந்தையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஆனால் துரைசானி எதிரே வந்தால் தலை நிமிர மாட்டாள், சிரிக்க மாட்டாள். வெள்ளைக்காரர்களை நேருக்கு நேர் பார்ப்பது மரியாதையில்லை என்று கங்காணி வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஒரு மழைக்காலக் காலையில் அம்மாவுக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். தாப்பாவிலிருந்து இன்னொரு துரைசானி வந்திருந்தாள். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதும், எங்கள் துரைசானி அவள் போன பக்கம் கையைக் காட்டி விருந்தாளியிடம் ஏதோ சொன்னாள். அந்த நீளப் பேச்சில் எனக்குப் பிடிபட்டது ஒரே வார்த்தை: கோல்டு.

கோல்டு என்றால் குளிர். கிராணி மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னால் அதுவே சளி. அம்மா தும்மவில்லை, ஆகவே குளிர்தான் என்று முடிவு கட்டினேன்.

"அம்மா, ஒனக்குக் குளிருதுன்னு துரைசானி சொல்லுது."

அம்மா நம்பவில்லை. "எனக்கா? என்னையா நெனச்சிச்சு?"

"ஆமாம்மா. ஒன்னயத்தான் கையக் காட்டிச்சு."

அம்மா குழந்தையின் துணியை இழுத்துப் போர்த்திவிட்டாள். பிறகு, "பாவம், ஊரு விட்டு ஊரு வந்த புள்ள. அதுக்குத்தான் குளிரும்" என்றாள்.

மறுநாள் காலை வீட்டிலிருந்து சுக்குத் தட்டிக்கொண்டு போய், பங்களா அடுப்பில் காப்பி போட்டாள். துரைசானியின் கையில் கொடுத்து, முதல் முறையாக முகத்தைப் பார்த்துச் சிரித்தாளாம். துரைசானி ஒரு வாய் குடித்ததும் இருமி, கண்ணில் நீர் வரச் சிரித்தாளாம். அன்று மாலை அம்மா ஒரு கம்பளிச் சால்வையோடு வீட்டுக்கு வந்தாள். அதன் பிறகு ஒருத்தி தமிழிலும் ஒருத்தி இங்கிலீஷிலுமாக இருவரும் ஓயாமல் பேசிக்கொண்டார்கள். நான் இடையில் புகுந்தால் வேண்டாம் என்று கையமர்த்திவிடுவார்கள்.

பின்னாளில் தாப்பா மிஷன் பள்ளியில் படிக்கும்போதுதான் அந்த வார்த்தையின் இன்னொரு பொருள் தெரிந்தது. முகம் கொடுத்துப் பேசாத, மனசில் ஈரமில்லாத ஆளையும் அப்படித்தான் சொல்வார்களாம். வகுப்பிலேயே எனக்கு வியர்த்துவிட்டது.

சுக்குக் காப்பிக்கு அடுத்த வாரம், தகரப் பெட்டியோடு ஒரு பெண் பங்களாவுக்கு வந்தாள். தாப்பா துரைசானி ஆயா வேலைக்கு அனுப்பியதாகச் சொன்னாள். எங்கள் துரைசானி முகம் சிவக்க, ரயிலுக்குக் காசு கொடுத்து அவளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாதான் கிளம்புமுன் அவளை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள்.

"பாவம், பங்களா மாறி வந்துட்டா போல" என்றாள்.