தண்ணீரின் தோல்

ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் தண்ணீர் மேடு கட்டி நின்றதை நான் முதன்முதலில் பார்த்தது வங்காளத்தில், எங்கள் பெஹாலா வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். மருந்துக் குப்பியிலிருந்து கழற்றிய சொட்டுக் குழாயால் என் வீட்டுக்காரர் ஒவ்வொரு சொட்டாக விட, அது விளிம்பைத் தாண்டியும் வழியாமல் உருண்டு திரண்டு நடுங்கிக்கொண்டு நின்றது. "ஏளா, இங்க வந்து பாரு. தண்ணிக்குத் தோல் இருக்கு!" என்று அடுப்படியில் இருந்த என்னைக் கூப்பிட்டார். எதிர் நாற்காலியில் முழங்காலிட்டிருந்த கீழ்வீட்டுச் சிறுமி, "கதா போலோ நா, ஜேட்டு!" என்று அதட்டினாள். பேசாதே பெரியப்பா, மூச்சுப் பட்டால் உடைந்துவிடும் என்று அர்த்தம். அவர் உடனே வாயைப் பொத்திக்கொண்டார். துறைமுகத்தில் லாரிக்காரர்களை எல்லாம் அதட்டிய மனிதர், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படி அடங்குவார்.

வீட்டிலேயே செய்து பார்க்கச் சொல்லிக் கோடை விடுமுறைக்கு அவள் பள்ளியில் சில சோதனைகளைக் கொடுத்திருந்தார்கள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் அவள் தாளும் கையுமாக மாடியேறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவரும் அவளுமாக உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டார்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, தண்ணீர் உள்ளே ஏறுவதைப் பார்த்தார்கள். ஆனால் இருவருக்கும் பைத்தியம் பிடித்தது நாணயச் சோதனையில்தான். ஆளுக்கொரு நாணயம், ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர். வழிவதற்குள் யார் அதிகச் சொட்டு விடுகிறார்கள் என்று தினமும் போட்டி. அவருடைய கணக்கு இருபத்தேழு வரை போயிருந்தது.

அந்த வீட்டில் தண்ணீரை வைத்து விளையாடுவது சாதாரண விஷயம் இல்லை. கிடர்பூர் துறைமுகத்தில் முப்பது வருஷம் வெயிலில் நின்று வேலை பார்த்தவர் அவர். வீட்டுக்கு வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் என்றானது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான், அதிலேயே காபியும் ரசமும் அடக்கம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் காலையில் ஒரு பாட்டிலில் முக்கால் லிட்டர் நிரப்பி வைப்பேன். அவர் ஒரு வாய் காபி குடித்தால், அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துத் துளசிக்கு ஊற்றுவேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "துளசி குடுத்து வச்சது" என்பார், சிரித்தபடிதான்.

மே மாதத்தில் டயாலிசிஸ் சென்டரில் அவர் எடை ஏறிக்கொண்டே வந்தது. "மாசிமா, மெஷின் பொய் சொல்லாது. யாரோ தண்ணி குடிக்கிறாங்க" என்றாள் நர்ஸ் என்னிடம்; மாசிமா என்றால் சித்தி. யாரோ என்று சொன்னாலும் அவரைத்தான் பார்த்தாள். இப்படியே போனால் இதயம் தாங்காது என்று என்னைத் தனியே கூப்பிட்டும் சொன்னாள். வீட்டுக்கு வந்து கேட்டேன். "குடிக்கலளா" என்றார். மறுநாளும் கேட்டேன், அதே பதில். என் கண் அந்தச் சோதனை டம்ளர் மேலேயே நின்றது. எப்போது பார்த்தாலும் அது குறைந்திருப்பதாகத் தோன்றியது. தாகத்தில் தவிக்கிற மனிதன் எதிரே ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுக் குடிக்காதே என்றால் யார்தான் கேட்பார்கள்? ஒரு நாள் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் இரண்டு சொட்டை அவர் டம்ளரில் விட்டுக் கலக்கி வைத்தேன். வாய் வைத்தால் துப்பட்டும் என்று.

அன்று போட்டியில் அவர் ஒன்பதாவது சொட்டு விட்டபோதே தண்ணீர் சரிந்து மேசையில் ஓடியது. துடைத்துவிட்டு மறுபடி விட்டார். ஏழு. சிறுமி இருபத்து நாலைத் தாண்டிவிட்டுக் கைகொட்டினாள். "ஜேட்டு ஹேரே கேச்சே!" பெரியப்பா தோற்றுப்போனார் என்று கத்திக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். அவர் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அடுப்படி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.  அவர் சிறுமியிடம் திரும்பி, "ஆமாம்மா, எனக்குக் கை நடுங்குது. வயசாயிடுச்சுல்ல" என்று வங்காளத்தில் சொன்னார்.

அதற்காக அவர் என்னைத் திட்டவில்லை. சாயங்காலம் மாத்திரை விழுங்கிவிட்டு, "ஏளா, நாளையிலிருந்து டம்ளரை நல்லாக் கழுவிக் குடு" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் சென்டரில், என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்கிற பெண் என்னிடம் ஒவ்வொரு வேளையாக விசாரித்தாள். நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். வெயிலுக்கு உடம்பு குளிரட்டும் என்று தினமும் பகலில் ஏழெட்டு நுங்கு தருகிறேன் என்றேன். இங்கே அதைத் தால்ஷாஷ் என்று கூவி விற்பார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சூட்டுக்கு நுங்கு கொடுக்காத வீடு உண்டா? அவள் பேனாவை மேசையில் வைத்துவிட்டாள். "மாசிமா, அது முழுக்கத் தண்ணிதானே!" காபியையும் ரசத்தையும் வாய் வாயாக அளந்த எனக்கு, நுங்கு பழமாகத்தான் தெரிந்திருக்கிறது. மெஷின் பொய் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்று வீடு வருகிற வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.  ஆனால் நுங்கு வாங்குவதை மட்டும்தான் நிறுத்தினேன். மறுநாள் பகலில், "இன்னைக்கு நுங்கு இல்லியா?" என்று கேட்டார். "சீசன் முடிஞ்சு போச்சு" என்றேன். அதே நேரம் சந்துக்குள் "தால்ஷாஷ்! தால்ஷாஷ்!" என்று ஒருவன் கூவிக்கொண்டு போனான். அவர் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தட்டில் இருந்த சோற்றைப் பிசையத் தொடங்கினார். உண்மையைச் சொல்லியிருந்தால், "சரி, ரெண்டு மடக்குத் தண்ணியக் குறைச்சுக்கிட்டு ஒரு நுங்கு குடு" என்று கேட்டிருப்பார். எதைக் குறைப்பது, எதை வைத்துக்கொள்வது என்று அவரே தீர்மானித்திருப்பார். அந்த உரிமையை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள், தெருவில் பூஜைப் பந்தலுக்கு ஆட்கள் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தபோது, அவர் இதயம் நின்று இறந்துபோனார்.

அந்தச் சிறுமி இப்போது ஆறாம் வகுப்பு. போன வாரம் பழைய நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வங்காளத்தில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினாள்: 'ஜேட்டுவுக்குக் கை நடுங்கியதால் எட்டுச் சொட்டு மட்டுமே நின்றது.' பள்ளியில் இப்போது, தண்ணீரின் பரப்பு இழுவிசையைச் சோப்பு குறைத்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். "கை நடுங்கினா எட்டுக்கு இறங்காது, ஜேட்டிமா. டம்ளர்ல சோப்பு இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு. நான்தான் போட்டேன்" என்றேன். ஏன் போட்டேன் என்பதையும் சொன்னேன்.

அவள் பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தாள்.

"அப்ப ஜேட்டு தோக்கல."

"தோக்கல."

"அவர்கிட்ட சாரி சொன்னீங்களா?"

சோப்புக்கா, நுங்குக்கா என்று அவளிடம் கேட்க முடியுமா?

"இல்லம்மா" என்றேன்.